கடல் வழியாக வரவேண்டியவர்

மூன்றாவது சங்கரா மீன் என் தட்டில் விழுந்தபோதுதான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். மாலை போட்ட படம் ஒன்று தொங்கியது. பட்டாளத் தொப்பி, இறுக்கிப் பூட்டிய காலர், ஸ்டுடியோக்காரர் நிமிரச் சொன்னதால் நிமிர்ந்த கழுத்து. கண்ணாடியின் மேலேயே நெற்றிக்கு நேராகக் குங்குமம் வைத்திருந்தார்கள். வலது புருவம் நடுவில் அறுந்து இரண்டு துண்டாக இருந்தது. அந்தப் புருவத்தோடு முந்தாநாள் காலை செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு எதிரே நான் டீ குடித்திருக்கிறேன்.

"அது யாரு?" என்று கேட்டேன்.

"எங்க பெரியப்பா சாரு. சண்டைல பூட்டாரு. நான் பொறக்கறதுக்கே முன்னாடி."

பதில் சொன்னவன் என் மாணவன். அப்படிச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கும், என்னைவிட ஒரு வயது பெரியவன் அவன். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு நிஜமான வேலை வரும்வரை செங்கல்பட்டில் ஒரு டுடோரியலில் நான் கணக்கும் விஞ்ஞானமும் நடத்திக்கொண்டிருந்தேன். அவன் எஸ்.எஸ்.எல்.சி. கணக்கை மூன்றாவது முறையாக எழுதிக்கொண்டிருந்தான். விடியற்காலை கடலுக்குப் போய்விட்டு, மாமல்லபுரத்தில் பஸ் பிடித்து, உப்பு காயாத தலையோடு வகுப்புக்கு வருவான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கரையோரக் குப்பம் ஒன்றில் அவன் வீடு. சாப்பிட வாங்க, வாங்க என்று நாலு வாரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

வாசலில் வலையைக் காலில் மாட்டிக்கொண்டு பொத்தல் அடைத்துக்கொண்டிருந்த அவன் அப்பா திரும்பாமலே சொன்னார்: "எங்க அண்ணாத்த. ஆடி அமாவாசைக்கு அவுருக்கு சுருட்டும் வறுத்த நெத்திலியும் வெச்சுடணும். இல்லாங்காட்டி கோச்சிக்குவாரு."

முள் தொண்டையில் நின்றது. சோற்றை உருட்டி விழுங்கச் சொன்னார்கள். விழுங்கினேன். சொல்ல வந்ததும் அதோடு உள்ளே போயிற்று.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது, ஆனாலும் உட்காரவில்லை. கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டும் வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் சிமென்ட் படிந்த காலோடு தூங்கிக்கொண்டிருந்தார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது எனக்குத் தீர்மானமாகிவிட்டது. அந்த மனிதரின் வாழ்க்கையை எழுதுவேன். இதற்கு முன்பு ரேடியோ செய்வது பற்றி ஒரு நோட்டு, கற்சிற்பங்கள் பற்றி ஒரு நோட்டு, இரண்டும் பத்துப் பக்கத்தில் நின்றுபோயிருந்தன. இது நிற்காது என்று நினைத்தேன். இறங்கியதும் கடைக்குப் போய் இருநூறு பக்க நோட்டு வாங்கினேன்.

அவரைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்தது கொஞ்சம். வடக்கே ஓர் எஃகு ஆலையில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் உலையடியில் நின்றவர், ஓய்வு பெற்றதும் செங்கல்பட்டில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தார். கல்யாணம் ஆகவில்லை. வகுப்பில் வெப்பம் பாடம் நடத்தியபோது எஃகு எந்தச் சூட்டில் உருகும் என்று பையன்கள் கேட்டார்கள். புத்தகத்தில் இருந்த எண்ணைச் சொன்னேன். மறுநாள் டீக்கடையில் அதை நான் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: "நம்பரு சரிதான் வாத்யாரே. கலரு இன்னா?" எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து பழக்கம்.

அவரைப் பிடிப்பதுதான் பெரிய பாடு. ஆலையை விட்டு வந்து இரண்டு வருஷமாகியும் அவர் உடம்பு இன்னும் ஷிப்டில் இருந்தது. ஒரு வாரம் ஏ ஷிப்டு: காலை ஐந்தரைக்கு டீக்கடையில் நாஸ்தா கேட்பார். அடுத்த வாரம் பி ஷிப்டு: மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் அவருக்குப் பொழுது விடியும். மூன்றாம் வாரம் சி ஷிப்டு: பகல் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார். யாரும் கேட்காமலே, சம்பளம் தராமலே, வாராவாரம் மாறிக்கொண்டிருந்தார். "மாத்தலன்னா தல சுத்துது," என்பார். கடைக்காரர் தன் காலண்டரில் ஏ, பி, சி என்று குறித்து வைத்திருந்தார்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு நீலக் கண்ணாடிச் சில்லு, மரச்சட்டத்தில் பொருத்தியது. உலைக்குள் பார்க்க அதைத்தான் கண்ணுக்கு முன் பிடிப்பார்களாம். இப்போது அதை டீக்கடை அடுப்புக்குப் பிடித்துப் பார்த்து, "இன்னும் செவப்புலயே கீது, மஞ்சளுக்கு வர வுடு," என்று கடைக்காரரை வம்புக்கு இழுப்பார். கண்ணாடி பிடித்தும் உலை அவர் கண்ணைத் தின்றுவிட்டது. ஒரு கண்ணில் பால் கட்டியதுபோல் வெள்ளை. மற்றதும் மங்கிக்கொண்டு வந்தது. ஆபரேஷன் செய்தால் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், ஆறு மாதம் பார்ப்போம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஏ ஷிப்டு வாரம் அது. திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கே போய் நின்றேன். சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது எனக்கு. "ஒங்க படத்தப் பாத்தேன். மாலை போட்டு வெச்சிருக்காங்க," என்றேன்.

அவர் டீயை இடது கையில் பிடித்தபடி வெகுநேரம் ஊதினார். ஆறிய டீயை ஊதினார்.

"மால காஞ்சுதா, புச்சா?"

"புதுசு."

"இன்னா பூ?"

"கனகாம்பரம்."

"தம்பி பொண்டாட்டி கட்டியிருக்கும்," என்றார். பிறகு எழுந்து நடந்தார். நான் நோட்டோடு பின்னால் ஓடினேன்.

அப்படித்தான் அந்த வாரம் முழுக்க. உட்கார்ந்து பேசமாட்டார். ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே பேசுவார். உலையடியில் உட்கார்ந்தவன் செத்தான் என்பது அவர் கணக்கு. நான் நடந்துகொண்டே எழுதினேன். அந்தப் பக்கங்களை இப்போது எடுத்துப் பார்த்தால் பாதி எனக்கே புரியவில்லை. நெல் மூட்டை ஏற்றுகிறவர்கள் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார்கள்.

எஃகைப் பற்றிக் கேட்டால் அருவி. நீண்ட கரண்டியில் கொஞ்சம் மொண்டு ஊற்றி ஆறவைத்து, உடைத்து, உடைந்த முகத்தைப் பார்த்தே கரி எவ்வளவு என்று சொல்லிவிடுவாராம். வேர்த்துக் கொட்டுவதற்கு ஈடாக உப்பு மாத்திரையை முறுக்குபோல் தின்பார்களாம். யுத்தத்தைப் பற்றிக் கேட்டால் நாலு வாக்கியம். பர்மா எல்லை. பாலம் போடும் பிரிவு. மழை. காய்ச்சல்.

"யாரையாவது சுட்டீங்களா?"

"பலக தூக்கினேன். பலக தூக்கினவன எவனும் கேக்கமாட்டான், நீ கேக்கறே."

ஒரு பாலம் ஆற்றோடு போனபோது அவர் பிரிவு சிதறியது. எங்கோ கரையேறி, மலைக்காய்ச்சலோடு அஸ்ஸாமில் ஓர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தார். அந்த இடைவெளியில் காணவில்லை என்று வீட்டுக்குக் காகிதம் போய்விட்டது. அது அவருக்குத் தெரியாது. அவருக்கு எழுதப் படிக்கவும் அப்போது தெரியாது. சண்டை முடிந்து விடுவித்ததும் ரயிலேறிச் செங்கல்பட்டில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாக நடந்தே போயிருக்கிறார். வழியில் தலையில் கூடையோடு அவர் குப்பத்து மீன்காரம்மா ஒருத்தி எதிரே வந்தாள். சின்ன வயதிலிருந்து அவரைத் தூக்கி வளர்த்தவள்.

"என்னப் பாத்ததும் கூடைய எறக்கினா. ஒரு வஞ்சிரத்த எடுத்து ரோட்டுல வெச்சா. 'எடுத்துகினு போயிடு சாமி, எங்கூட வராத, ஒனக்குக் காரியம்லாம் பண்ணியாச்சு, ஒரு கொறையும் வெக்கல'ன்னு சொல்லிட்டு ஒரே ஓட்டம்."

"நீங்க?"

"மீன எடுத்துகினு திரும்பி ஸ்டேஷனுக்கு வந்தேன். சுட்டுத் துன்னேன். நல்ல மீனு."

வடக்கே ஆலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஸ்டேஷனில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். போய்விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பேய் என்று ஒருத்தி ஓடினால் முப்பது வருஷம் வீட்டுக்குப் போகாமல் இருப்பதா? ஆயிரத்து அறுநூறு டிகிரியைப் பக்கத்தில் நின்று பார்த்த மனிதர் இதையெல்லாம் நம்புகிறாரா என்று பிளாட்பாரத்தின் நடுவில் நின்று கேட்டேன். அவரும் நின்றார். அந்த ஒரு வாரத்தில் அவர் நின்றது அப்போதுதான்.

"நான் நம்பல வாத்யாரே. காரியம் ஆனவன் வாசப்படி மிதிச்சா வூட்டுல ஒருத்தர இட்டுகினு போவான்னு அவங்க நம்பறாங்க. நான் போறேன்னு வெச்சிக்க. ஆறு மாசம் கழிச்சு அந்த வூட்ல ஒரு கொழந்தைக்குப் பேதியாவுது. இன்னா பேசுவாங்க? என் தம்பியே இன்னா நெனப்பான்?"

மறுபடி நடக்க ஆரம்பித்துச் சொன்னார்: "கண்ணு இருக்கறப்ப அவன் மூஞ்சிய ஒரு தபா பாக்கணும். அவ்வளவுதான். பதினெட்டு வயசுல பாத்தது. இப்ப நரச்சிருப்பான் இல்ல?"

"முக்கால்வாசி," என்றேன்.

இங்கே நான் செய்த காரியத்தைச் சொல்லியாக வேண்டும். அவர் யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொள்ளவில்லை, ஆனால் சொல்லலாம் என்றும் சொல்லவில்லை. நான் இரண்டு நாள் தாங்கினேன். புதன்கிழமை வகுப்பு முடிந்து என் மாணவன் பஸ் ஏறப் போனபோது கூடவே ஏறி, டிக்கெட் வாங்குவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தான். அடுத்த நிறுத்தத்தில், அவன் ஊர் வர இன்னும் பதினைந்து மைல் இருக்கும்போதே, இறங்கிவிட்டான்.

வியாழன் வரவில்லை. வெள்ளி வரவில்லை. சனிக்கிழமை வந்தான், வகுப்புக்குள் நுழையாமல் வாசலில் நின்றான்.

"எங்க நைனா ரெண்டு நாளா சோறு துன்னல. அந்தப் படத்துக்கு முன்னாடியே குந்திகினு கீறாரு. உனுக்கு நோட்ல எழுதணும்னா எங்க வூடுதான் கெடச்சுதா சாரு?"

அவன் என்னை ஒருமையில் பேசியது அன்றுதான் முதல் தடவை. நியாயம்தான் என்று பட்டது.

திங்கட்கிழமை அவன் அப்பாவே வந்தார். பெட்டி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. வகுப்பு முடியும்வரை தெருவில் வெயிலில் நின்றார், உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. நான் வெளியே போனதும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீ பாத்த ஆளு சுருட்டு எந்தக் கையால புடிக்கறாரு?"

"சுருட்டு பிடிச்சுப் பாத்ததில்ல. டீ, எழுத்து, எல்லாம் இடது கைதான்."

அவர் டுடோரியல் படிக்கட்டில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொள்ளவில்லை, ஒன்றுமில்லை. சும்மா தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

கடலுக்குப் போனவன் திரும்பாவிட்டால் அவர்கள் குப்பத்தில் மூன்று அமாவாசை பார்ப்பார்கள். மூன்றாவது அமாவாசையும் போய்விட்டால், உடம்பு கிடைக்காவிட்டாலும், அவனுடைய வேட்டியைக் கரையில் விரித்துக் காரியம் செய்துவிடுவார்கள். அவனைக் காத்துக்கொண்டிருக்கும் வீட்டுக்கு அது ஒரு விடுதலை. காணவில்லை என்று பட்டாளத்திலிருந்து காகிதம் வந்தபோது குப்பத்துக்கு வேறு கணக்கு தெரியவில்லை. அதே மூன்று அமாவாசை எண்ணினார்கள்.

"கடலுன்னா மூணு அமாவாச சரி. தண்ணில எவ்வளோ நாளு இருப்பான் மனுசன்? பட்டாளம் தண்ணியா? அத ஒருத்தனும் யோசிக்கல. நான்தான் மொட்ட போட்டேன். நான்தான் தல முழுவினேன்." பிறகு என்னைப் பார்த்தார். "முப்பது வருசமா சுருட்டு வெச்சேன். யாரு வாத்யாரே புடிச்சது?"

டீக்கடை நூறு அடியில் இருந்தது. அந்த வாரம் பி ஷிப்டு, மணி இரண்டரை, அண்ணன் அங்கேதான் இருப்பார். வாங்க, இப்பவே போகலாம் என்று நான் அவர் கையைப் பிடித்து எழுப்பப் போனேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். தலை முழுகினவன் முதலில் பார்க்கக்கூடாதாம், அதுவும் நடுரோட்டில். ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "கொரலு மட்டும் கேக்கலாம் இல்ல?"

கடையின் பக்கச் சுவருக்கு வெளியே விறகு அடுக்கியிருக்கும். அவரை அங்கே நிறுத்திவிட்டு உள்ளே போனேன். எதையாவது பேசவைக்க வேண்டுமே என்ற பதற்றத்தில் உலையைத் தட்டி எஃகை வடிக்கும்போது என்ன செய்வீர்கள் என்று ஏற்கெனவே கேட்டதையே கேட்டேன். "அதான் அன்னிக்கே சொன்னேனே, நோட்ட தொலச்சிட்டியா?" என்று ஆரம்பித்தவர் கால் மணி நேரம் பேசினார். நடுவில் கடைக்காரரைத் திட்டினார். அடுப்பைத் திட்டினார். நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. வெளியே வந்தபோது விறகுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. தம்பி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தார், அண்ணனின் அதே நடை.

கடைக்குள் திரும்பியதும் அவர் கேட்டார்: "சொவத்துக்கு அந்தாண்ட யாரு?"

"யாருமில்லியே."

"பொய் சொல்லாத. கண்ணுதான் போச்சு. மீன் வாசன எனக்குத் தெரியாதா?" டம்ளரைக் கீழே வைத்தார். அது பெஞ்சின் விளிம்பில் பட்டு உருண்டது. "போயிட்டானா?"

"போயிட்டாரு. பாக்கக்கூடாதாம்."

"சரிதான்," என்றார். அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து நடக்கவும் இல்லை. உட்கார்ந்தே இருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது.

நாலு நாள் கழித்து என் மாணவன் வந்தான். வகுப்புக்குள் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்து, நான் கரும்பலகையில் எழுதிய கணக்கை ஒழுங்காகப் போட்டு, தப்பாக விடை கண்டுபிடித்துவிட்டு, மணி அடித்ததும் சொன்னான். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி அவன் அப்பா கேட்டுவிட்டார். முன்பும் இப்படி நடந்திருக்கிறது. புயலில் தெற்கே எங்கேயோ ஒதுங்கியவர் ஒருவர் காரியம் முடிந்தபின் திரும்பி வந்தார். அவரை ரோட்டு வழியாக விடவில்லை. பக்கத்துக் குப்பத்திலிருந்து கட்டுமரத்தில் ஏற்றி, அலைக்கு அப்பால் கொண்டுபோய், சொந்தக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கடல் திருப்பிக் கொடுத்த ஆளை எந்த வாசப்படியும் வேண்டாம் என்று சொல்லமுடியாது. காரியம் செய்தவன் கரையில் நின்று புது வேட்டி கட்டிவிட்டு, புதுப் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும். அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கு என்ன ஆனாலும் பழி அவர்மேல் இல்லை.

"ஒண்ணுதான் பேஜாரு," என்றான். "மரத்தவுட்டு எறங்கி மண்ணு வரைக்கும் அவராத்தான் நடந்து வரணுமாம். யாரும் கை குடுக்கக்கூடாது. அலைல வுழுந்தாருன்னா, தூக்கினா, அப்பறம் கெடையாது. கடலு குடுக்கலன்னு ஆயிடும்."

அவனைக் கூட்டிக்கொண்டு நேரே டீக்கடைக்குப் போனேன். பெரியப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் முதலில் பார்த்துக்கொண்டது அப்படித்தான். அவன் வேட்டியை இறக்கிவிட்டு நின்றான். அவர் நல்ல கண்ணை அவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"கணக்குல எத்தினி மார்க்கு?"

"பதினேழு."

"நம்ம வம்சம்தான்," என்றார்.

விஷயத்தைச் சொன்னோம். முழுவதும் கேட்டார். முப்பது வருஷமாகக் கடலில் கால் வைக்காதவர், ஒரு கண் இல்லை, மறு கண்ணில் புகை. அலை எழும்பி வருவது தெரியாமல் எப்படி நடப்பார் என்று நான்தான் பதறினேன். அவர் விரலால் பெஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மூணு பெரிய அல வரும். அப்பறம் கொஞ்சம் ஓயும். அந்த ஓய்ச்சல்ல ஓடியாந்துடணும். அதுக்குக் கண்ணு எதுக்கு? காதால எண்ணலாம்." பிறகு கேட்டார்: "புதுப் பேரு இன்னாவாம்?"

"நீயே சொல்லு பெரியப்பா."

"அதான் நீ சொல்லிட்டியே. அதுவே போதும்."

வருகிற வெள்ளிக்கிழமை என்று முடிவாகியிருக்கிறது. ஏ ஷிப்டு வாரமாகப் பார்த்துத்தான் வைத்தோம், காலையில் அவர் தெளிவாக இருப்பார். என் மாணவன் துடுப்புப் போடுவான். நானும் மரத்தில் வருவேன் என்றதற்கு, "நீ ஏறினா மரம் முழுவிடும் சாரு, கரைல நின்னு எழுது," என்றான். கரையில் தம்பி நிற்பார், குப்பமே நிற்கும். அவர் விழுந்தால் அத்தனை பேருக்கு முன்னால் விழுவார். இதை ஆரம்பித்து வைத்தவன் நான். நோட்டில் அறுபத்திரண்டு பக்கம் ஆகியிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு என்று அடுத்த பக்கத்தை விட்டு வைத்திருக்கிறேன், அதைத் திறக்கவே கை வரவில்லை.

வெள்ளிக்கு முன்னால் மூன்று காலைகள் இருக்கின்றன. நாளை முதல் பஸ்ஸில் நானும் அவரும் மாமல்லபுரம் போகிறோம், கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே ஆள் இல்லாத கரைக்கு. இடுப்பளவு தண்ணீரில் அவர் நின்று அலையை எண்ணவேண்டும், ஓய்ச்சலில் நடக்கவேண்டும், விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. போகும்போது சூரியன் முகத்துக்கு நேரே இருக்கும் என்று நீலக் கண்ணாடியை எடுத்து வைத்துவிட்டார். எனக்கு நீச்சல் தெரியாது என்பதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. நாளை நானும் கண்ணை மூடிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்று, மூன்று வரை எண்ணிப் பார்க்கப்போகிறேன்.